ராஜமணி வீட்டுக் கிணறு

அந்த மீன மாதத்தில், நம் கணக்குக்குப் பங்குனியில், கிரிஷைப் பற்றித் திருவனந்தபுரத்தில் நல்லதாக ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் ஸ்ரீவராகத்தில் இருக்கும் அவனுடைய அம்மாவிடம்தான் போக வேண்டும். அந்த அம்மாவும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாள்.

அவன் செய்தது இவ்வளவுதான். ஒரு சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளையாக ஒரு கருவி செய்தான். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று மனிதன் மூச்சுவிடத் தக்கதா இல்லையா என்று மேலே இருப்பவனின் போனுக்குச் சொல்லும். ‘ஸ்வாஸம்’ என்று பேர் வைத்தான். இதோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவனை விட்டிருக்கும். வாய் அவனுக்குக் கொஞ்சம் நீளம். ஓட்டல் ஹாலில் மேடை போட்டு, காலர் இல்லாத சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, “இனி கேரளத்தில் எந்தக் கிணற்றிலும் ஒரு உயிர் போகாது” என்று அறிவித்தான். அறிவித்து முடித்ததும் சிறப்பு விருந்தினர் விளக்கேற்ற எழுந்து வந்தார். மனிதர் அத்தரில் குளித்துவிட்டு வந்திருந்தார் போல. அவர் பக்கத்தில் வந்த மாத்திரத்தில் கிரிஷ் கையிலிருந்த கருவி சிவப்பாக மின்னி, மலையாளத்தில் ‘அபகடம், அபகடம்’ என்று அபாயக் குரல் எழுப்பி அலறித் தீர்த்துவிட்டது.

அதைப் படம் பிடித்தவன் பிரஜின். போனும் ஒரு குச்சியும் வைத்துக்கொண்டு ‘உள்ளதாணோ’ என்று ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறவன். யாராவது பெரிதாக எதையாவது சொன்னால் அங்கே போய், இது உள்ளதுதானா என்று கேட்பது அவன் தொழில். எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்கப்புறம் கிழக்கேகோட்டையிலிருந்து கிளம்புகிற நெரிசலான பஸ்ஸில் யாருக்காவது வாயு பிரிந்தால்கூட, ‘ஸ்வாஸம் வந்நு’ என்று ஒருவன் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

ஊரையும் குறை சொல்வதற்கில்லை. இந்த ஊர் இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டது. தென்னை மரத்தில் ட்ரோனை விட்டுத் தேங்காய் பறிப்பேன் என்று ஒருவன் வந்தான். காற்றைப் பிழிந்து தண்ணீர் எடுத்துத் தருகிறேன் என்று இன்னொருவன் வந்தான். சாலைக் கடைத்தெரு முழுவதையும் போனுக்குள் கொண்டு வந்துவிடுகிறேன் என்றவன் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொருவனையும் நம்பி, பேரையும் போன் நம்பரையும் கொடுத்து, கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்த ஜனங்கள் கடைசியில் சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஏமாறுவதைவிடச் சிரிப்பது லேசு.

பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. கிணறு என்பது அவளுக்குப் பிழைப்பு.

பேச்சியும் அவள் புருஷன் லிங்கமும் ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்து மணக்காட்டில் ஒரு லைன் வீட்டில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறார்கள். கிணறு தூர் வாருவதுதான் வேலை. வீட்டுக்கொரு கிணறு உள்ள ஊர் இது. கோடை தொடங்கினால் மழை விழும்வரை அவர்களுக்கு ஓய்வே கிடையாது. லிங்கம் இறங்குவான். பேச்சி மேலே நிற்பாள். அவளுக்குக் கீழே போகிற பழக்கம் இல்லை, ஆனால் அவள் சொல்லாமல் லிங்கம் ஒரு அடி இறங்க மாட்டான். முதலில் அவள் இரும்பு வாளிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி நிறுத்தி, தண்ணீர் மட்டம் வரை மெதுவாக இறக்குவாள். மனதுக்குள் நூறு எண்ணுவாள். சுடர் அப்படியே நின்றால்தான், “போங்க” என்பாள். அணைந்துவிட்டால் வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக அடித்துக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுபடி மெழுகுவர்த்தி. வீட்டுக்காரர்கள் பலரும், “பேச்சி மேலே நின்றால் பயமில்லை” என்று சொல்லியே இவர்களைக் கூப்பிட்டார்கள்.

இந்த ஒழுங்கு பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. அதற்கு முன்னால் பேச்சியின் அண்ணன் செல்வகணேஷ் வித்துரா பக்கம் ஒரு கிணற்றில் இறங்கினான். கூட வேலை செய்தவன் கீழே மயங்கி விழுந்திருந்தான், அவனைத் தூக்கத்தான் இறங்கினான். இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் மேலே எடுத்தார்கள். அன்றைக்கு மேலே, கிணற்றடியில், எல்லாருக்கும் பாலில்லாத கட்டன்சாயா ஊற்றிக்கொண்டிருந்தவள் பேச்சி.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குத்தான், ஊர் சிரித்து ஓய்வதற்குள், கிரிஷ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். லிங்கத்தைக் கேட்டு விசாரித்து வந்திருந்தான். வேலைக்குக் கூட வரலாமா என்று கேட்டான். லிங்கத்துக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. சரி என்றான்.

நாற்பது நாள் வந்தான். கிணற்றுச் சுவரில் குந்திக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பான். கெட்ட காற்று இருந்தால் முதலில் தெரிவது காதிலா காலிலா என்று கேட்பான். கீழே போனதும் ஏன் அண்ணா பாட்டை நிறுத்திடறேள் என்று கேட்பான். குழை அடிக்கப் பழகினான். கயிறு அறுத்து உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. தூர் வாருகிறவனிடம் ஆழம் எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டவர்கள்தான் உண்டு. கீழே உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்ட முதல் ஆள் இவன்தான். அந்தக் கேள்வியிலேயே லிங்கம் விழுந்துவிட்டான்.

பேச்சி விழவில்லை. அவனுக்கு டீ கொடுப்பாள், பேச்சு கொடுக்க மாட்டாள். அவன் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. இன்றைக்கு உங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவான், நாளைக்குக் காலர் இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு தானே கண்டுபிடித்ததாக மேடையில் சொல்வான் என்று லிங்கத்தை எச்சரித்தாள். லிங்கம் சொல்லட்டுமே என்றான். தனக்கு மேடை ஏறிப் பேச வராது, அவனுக்கு வரும், அவ்வளவுதானே என்றான். அவனோடு அதற்கு மேல் பேச முடியாது.

அப்புறம் பிரஜின் இன்னொரு வீடியோ போட்டான். ஸ்வாஸம் சார் எங்கே ஒளிந்திருக்கிறார், கருவி உள்ளதென்றால் கேமராவுக்கு முன்னால் ஒரே ஒரு கிணற்றில் காட்டட்டும் என்றான். கிரிஷ் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் வாய்தான் நமக்குத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள் என்று பதில் போட்டான். இடமும் சொல்லிவிட்டான். ஸ்ரீவராகத்தில் ராஜமணியின் வீடு. ராஜமணி பாங்கில் ரிட்டயராகி, மகளோடு பெங்களூரில் இருப்பவர். வீட்டுக் கிணறு இரண்டு வருஷமாகத் தகர ஷீட் போட்டு மூடிக் கிடந்தது. அதைத் தூர் வார லிங்கத்திடம் முன்பே சொல்லியிருந்தார்.

அதற்குள் லிங்கம் ஒரு காரியம் செய்திருந்தான். மெழுகுவர்த்தி இல்லாமல் கருவி சொன்னதை மட்டும் கேட்டு இறங்குகிறேன் என்று கிரிஷுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பேச்சிக்கு அது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது.

அன்று மணக்காட்டு வீட்டில் சோறு வேகவில்லை. பேச்சி கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டாள். லிங்கம் தலையைக் குனிந்துகொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னான், ஊர் மொத்தமும் அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறது, ஒரு ஆளாவது நம்பினதாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்று. மெழுகுவர்த்தியும் கூட இறங்கினால், மெழுகுவர்த்தி சொல்லித்தான் இறங்கினான் என்றுதானே பேசுவார்கள் என்றான். காலையில் பையைக் கட்டும்போது மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் அடியில் வைத்துக் கட்டினாள்.

கருவியைக் கிரிஷ் முந்தின நாளே லிங்கத்திடம் கொடுத்திருந்தான். ராத்திரி சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருந்தான். தண்ணிக்குள்ள மட்டும் முங்கப்டாது அண்ணா என்று ஒன்றுக்கு மூன்று முறை சொல்லியிருந்தான். லிங்கம் அதைச் சாமி படத்துக்குக் கீழே சார்ஜ் போட்டு, அதற்கும் சேர்த்துத் திருநீறு பூசி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராஜமணி வீட்டுப் பின்கட்டில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டு மனிதர்கள், வார்டு கவுன்சிலர், எதற்கும் கூட்டம் கூடினால் வந்து நிற்கிற நாலைந்து பேர், குச்சியோடு பிரஜின். கிரிஷ் வந்து சேர்ந்தான். சட்டையின் ஒரு பக்கம்தான் இஸ்திரி விழுந்திருந்தது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று பேச்சிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நினைக்கவே வேண்டாம் என்றுதான் இருந்தாள், ஆனாலும் பெற்றவள் யாரோ, பாவம் என்று நினைப்பு வந்துவிட்டது.

லிங்கம் ஷீட்டை நகர்த்தினான். உள்ளே சிமெண்ட் உறைகளின் சந்தில் எல்லாம் ஈரம் கசிந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிரிஷ் கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கேமராவிடம் விளக்கிக்கொண்டிருந்தான். கருவி பேச்சியின் கையில் இருந்தது. மேல் வேலை அவளுடையதுதானே. அந்தச் சொட்டுகளைப் பார்த்ததும் அவளுக்குப் பதைத்தது. முங்கக்கூடாது என்றானே, இப்படிச் சொட்டினால் என்ன ஆவது என்று நினைத்தாள்.

பேச்சி வீட்டில் புதுச் சாமான் எதுவும் கவரை விட்டு வெளியே வந்ததில்லை. டிவி ரிமோட் நாலு வருஷமாகக் கவருக்குள் இருந்துதான் வேலை செய்கிறது. மிக்சியும் அப்படித்தான், லிங்கத்தின் ஆதார் அட்டையும் அப்படித்தான். பையில் பெட்ஷீட் வாங்கியபோது வந்த கெட்டிப் பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் கருவியை வைத்து, வாயை முறுக்கி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினாள். கண்ணாடி மாதிரியான கவர். பச்சை விளக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேலே கயிற்றைக் கட்டினாள். இத்தனை பேர் முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீரால் அவன் பொருள் கெட்டுப்போக வேண்டாம் என்றுதான் செய்தாள். நாற்பது நாளில் அவள் அவனுக்குச் செய்த முதல் நல்ல காரியம் அது. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று யாரிடமும் சொல்லவில்லை.

கிரிஷ் பேசி முடிப்பதற்குள், லிங்கம் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு வருவதற்குள், கருவி இறங்கிவிட்டது. பதினெட்டு உறைக் கிணறு. தண்ணீருக்குச் சற்று மேலே போய் நின்றதும் கிரிஷ் போனைப் பார்த்தான். திரை பச்சையாக இருந்தது. ‘சுரக்ஷிதம், இறங்ஙாம்’ என்று ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது. பயமில்லை, இறங்கலாம் என்று அர்த்தம். கிரிஷ் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சேஃப் என்றான்.

லிங்கம் சட்டையைக் கழற்றிக் கிணற்றுச் சுவரில் போட்டான். ஒரு காலைத் தூக்கி உள்பக்கம் போட்டான்.

“கொஞ்சம் நில்லுங்க” என்றாள் பேச்சி. குனிந்து பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தாள்.

லிங்கம் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. “வாக்கு குடுத்திருக்கேன் பேச்சி.”

“எனக்குக் குடுத்த வாக்கு அதுக்கு முந்தினது.”

பிரஜினின் போன் திரும்பி அவள் முகத்துக்கு வந்தது. சொந்த ஆட்களுக்கே நம்பிக்கை இல்லை என்று அவன் மலையாளத்தில் சொல்வது கேட்டது. கிரிஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தடுக்கப் போகிறான், தடுத்தால் இன்றைக்கு இருக்கிறது இவனுக்கு என்று பேச்சி காத்திருந்தாள். அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, “இறக்குங்கோ அக்கா” என்றான்.

வாளி இறங்கியது. ஒன்பதாவது உறையைத் தாண்டும்போது சுடர் சுருங்கி, நீலமாகி, அணைந்துபோனது. மேலே எடுத்து மறுபடி ஏற்றி இறக்கினாள். அதே ஒன்பதாவது உறை. மூன்றாம் தடவையும் அதே இடத்தில் அணைந்தது.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கவுன்சிலரும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பேச்சிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. லிங்கத்தின் ஒரு கால் இன்னும் கிணற்றுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இடுப்புத் துண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவன் அவள் மேலேயே வந்து விழுந்தான். அவனைத் தள்ளிவிட்டு எழுந்து கிரிஷுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஒன் மிசினு சொன்னதக் கேட்டு எறங்கியிருந்தா, இந்நேரம் இந்த மனுசன் எங்க கெடப்பாரு? சொல்லு. ஒனக்கு மேடை வேணும், கைதட்டு வேணும். எனக்கு ஆளு வேணும், கேட்டியா? ஆளு வேணும்.”

கிரிஷ் கிணற்றருகே போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கயிற்றைத் தானே இழுத்தான். கருவி மேலே வந்தது. அதைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு இரண்டு ரப்பர் பேண்டையும் கழற்றி, கவரை உருவி, நாலாக மடித்துப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற பேச்சி மட்டும்தான் அதைப் பார்த்தாள். இன்னும் என்ன தில்லுமுல்லு செய்கிறானோ என்று நினைத்தாள்.

அவன் கேமராவின் பக்கம் திரும்பினான். கருவி தப்பாகச் சொல்லிவிட்டது என்று மலையாளத்தில் சொன்னான். இதை நம்பி யாரும் எந்தக் கிணற்றிலும் இறங்க வேண்டாம் என்றான். எங்கே கோளாறு என்று பிரஜின் துருவினான், சென்சாரா, சாஃப்ட்வேரா என்று கேட்டான். என்னுடைய தப்பு என்று மட்டும் கிரிஷ் சொன்னான். அதையே திரும்பவும் சொன்னான். கடைசியாக ஒரு உண்மை சொன்னாயே அப்பா என்று கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார்.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். பேச்சி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். லிங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பொத்தான் மாட்ட வரவில்லை. அவளே மாட்டிவிட்டாள்.

“அவன் எதுக்கு அந்தக் கவர எடுத்து ஒளிச்சு வச்சான்?” என்று கேட்டாள்.

“எந்தக் கவரு?”

தண்ணீர் சொட்டுகிறதே என்று கவர் போட்டுக் கட்டியதைச் சொன்னாள். லிங்கம் அவளையே பார்த்தான். பிறகு மெல்ல, அவளுக்கு வலிக்கக்கூடாது என்பது போலச் சொன்னான். கருவியின் அடியில் சல்லடை மாதிரி ஒரு இடம் இருக்கிறதாம். கிரிஷ் முந்தின நாளே காட்டியிருந்தான். இதுதான் அண்ணா இதுக்கு மூக்கு, இது வழியா மோந்து பார்த்துத்தான் சொல்லும் என்று சொல்லியிருந்தான்.

பேச்சிக்குப் புரிந்துவிட்டது. கவருக்குள் இருந்தது மேலே இருந்த காற்று. அது பின்கட்டுக் காற்றை மோந்து பார்த்துவிட்டு, நல்ல காற்று, இறங்கு என்று சொல்லியிருக்கிறது.

“நானில்லா அது மூக்கப் பொத்தியிருக்கேன்” என்றாள்.

பன்னிரண்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் நின்றவள், தன் கையாலேயே புருஷனுக்குக் குழி வெட்டியிருக்கிறாள். அதற்குப் பின்னால்தான் இன்னொன்று உறைத்தது. அவனுக்குத் தெரியும். அந்தக் கவரைத் தூக்கிக் காட்டி, இந்த அம்மா செய்த வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் சிரிப்பு அவள் பக்கம் திரும்பியிருக்கும். அவன் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அத்தனையும் வாங்கிக்கொண்டு, அவள் தப்பை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு நின்றான்.

லிங்கம் அவள் மனதைப் படித்துவிட்டான். விட்டுவிடு என்றான். சொன்னால் நாளைக்கு யார் நம்மைக் கூப்பிடுவார்கள், பேச்சி மேலே நின்றால் பயமில்லை என்றுதானே கூப்பிடுகிறார்கள், புருஷனையே கிணற்றில் தள்ளப் பார்த்தவள் என்றுதான் இனி பேசுவார்கள் என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பேச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

பிரஜின் வாசலில் குச்சியை மடக்கிக்கொண்டிருந்தான்.

“தம்பி, அத மறுபடி எடு.”

“கழிஞ்ஞு அக்கா. கிட்டினது மதி” என்றான் அவன், முடிந்தது, கிடைத்ததே போதும் என்று. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

“மதியாவாது. நீ உள்ளதாண்ணு கேக்குத ஆளுதான? உள்ளதச் சொல்லுதேன், எடு.”

கிரிஷ் தெருவில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றான். அவள் நேரே போய்க் கையை நீட்டி, கவரைக் கொடு என்றாள். எந்தக் கவர் அக்கா என்றான். மேடையில் அவ்வளவு பேசுகிறவனுக்கு ஒரு சின்னப் பொய் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. பேன்ட் பையில் இருக்கிறதே அந்தக் கவர் என்றாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் எடுத்துக் கொடுத்தான்.

அவள் கவரைக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். இதற்குள் வைத்துக் கட்டி இறக்கியது நான், தண்ணீர் படக்கூடாது என்று செய்தேன், கேட்காமல் செய்தேன், தப்பு என்னுடையது என்று தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். என் பேர் பேச்சி, மணக்காட்டில் இருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் கிரிஷிடம் கருவியை வாங்கிக் கிணற்றடிக்கு வந்து, தன் கையாலேயே கயிற்றில் கட்டினாள். இந்தத் தடவை அதன் அடியைத் திருப்பிப் பார்த்து, சல்லடையை விரலால் துடைத்துவிட்டு இறக்கினாள்.

ஒன்பதாவது உறைக்குப் போகவில்லை, எட்டிலேயே அது அலறத் தொடங்கிவிட்டது. ‘அபகடம், இறங்ஙருது’ என்று போன் இறங்காதே இறங்காதே என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் அதற்குப் பக்கத்திலேயே மெழுகுவர்த்தியையும் இறக்கினாள். அது ஒன்பதில் அணைந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு வயதான மனிதர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

பிரஜினுக்கும் நியாயம் உண்டு. அவ்வளவையும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தான். முடிந்ததும், தொழில் விடவில்லை, கேட்டுவிட்டான். “அப்போ அக்கா, இனி மிஷின விஸ்வசிப்பீங்களா?”

“நல்லாத்தான் சொல்லுது” என்றாள் பேச்சி. “பட்சே மெழுகுவத்தியும் கொண்டுதான் வருவேன். அதுக்கும் மூக்கு அடைக்கும், எனக்கும் புத்தி அடைக்கும். ரெண்டு பேரும் பாத்தா ஆளு பொழைப்பான்.”

கவுன்சிலர் கிரிஷைத் தேடினார், கை கொடுக்க. ஒருவர் செல்ஃபி எடுக்கத் தேடினார். சிரித்தவர்களுக்கெல்லாம் திடீரென்று அவனைப் பிறந்ததிலிருந்தே தெரியும் போலிருந்தது. அவன்தான் அங்கே இல்லை.

குளியலறைச் சுவருக்குப் பின்னால் புளிச்சிக்காய் மரத்தடியில் அவன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்ததைப் பேச்சிதான் கண்டுபிடித்தாள். தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தான். முதுகு குலுங்கியது. போன மானம் திரும்பி வந்ததில் அழுகிறான் என்று அவள் நினைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டதே, எழுந்திரு, அங்கே தேடுகிறார்கள் என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. “நான் சேஃப்னு சொன்னேனே அக்கா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். அண்ணா காலத் தூக்கி உள்ள போட்டுட்டார்.” முழங்காலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நாப்பது நாள் உங்க கூடவே இருந்தேன். உங்காத்துல ரிமோட்டுக்குக்கூடக் கவர் போட்டிருக்கறதப் பாத்திருக்கேன். இது எனக்குத் தோணியிருக்கணும். தோணாம நான் சேஃப்னு சொன்னேன்.”

பேச்சி அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வகணேஷ் செத்த அன்றைக்கு, “வெறும் மயக்கந்தான், சும்மா எறங்கு” என்று மேலே நின்று சொன்ன ஒரு ஆள் உண்டு. வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி அவன். அவன் சாவு வீட்டுக்கும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. ஒருநாள் கிழக்கேகோட்டையில் எதிரே பார்த்தபோது ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் வந்து நான்தான் சொன்னேன் என்று ஒரு தடவை சொல்ல மாட்டானா என்று பேச்சி பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாள். பணமோ காசோ அவள் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும், பாதி துக்கம் கரைந்திருக்கும். அது யார் வாயிலிருந்து இன்றைக்கு வருகிறது பார் என்று நினைத்தாள். காலையிலிருந்து அந்தக் கூட்டம் முழுவதும் கருவி ஜெயிக்குமா தோற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. லிங்கத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு பேர்தான். ஒருத்தி அவள், மற்றவன் இவன் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

“இங்க வாங்க” என்று லிங்கத்தைக் கூப்பிட்டாள். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்னமோ ஏதோ என்று ஓடி வந்து நின்றான்.

பேச்சி கிரிஷின் தலையில் கை வைத்து நிமிர்த்தினாள். “பாரு மக்கா. அழாம நல்லாப் பாரு. மூச்சு விட்டுக்கிட்டுதான நிக்காரு.”

லிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ கேட்கிறார்கள், செய்து காட்ட வேண்டும் என்று மட்டும் புரிந்தது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, நெஞ்சை விரித்து, சத்தம் கேட்க ஒரு மூச்சை உள்ளே இழுத்து, அவர்களுக்காக மெதுவாக விட்டுக் காட்டினான்.